ஓசூர், தளி மேட்டில் காய்கறி விதை போடும் காலமும் பதமும்

கிருஷ்ணகிரியில் தை கடைசியில் ஊன்றிய வெண்டை பத்து நாளுக்குள் முளைத்துவிடும். அதே பாக்கெட்டிலிருந்து அதே நாளில் தளியில் ஊன்றிய வெண்டை இரண்டு வாரம் கழித்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தலைகாட்டும். முளைக்காத இடத்தைக் கிளறிப் பார்த்தால் விதை கொழகொழவென்று அழுகிக் கிடக்கும். கடைக்காரர் பழைய விதையைக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காரணம் பெரும்பாலும் உயரம்தான். கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், தளி ஏறக்குறைய 1000 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் ஒரே மாவட்டத்துக்குள் 3 டிகிரி வித்தியாசம் வருகிறது. வெண்டை விதைக்கு அந்த 3 டிகிரி பெரிய விஷயம்.

பாக்கெட்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் மாதங்கள் பெரும்பாலும் சமவெளிக்கோ வடநாட்டுக் குளிர்காலத்துக்கோ பொருந்துபவை. ஓசூர், பாகலூர், பேரிகை, தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்துக்குப் பெங்களூர்ப் பருவம் பொருந்துகிற அளவுக்குச் சேலத்துப் பருவம் பொருந்தாது. தருமபுரி மாவட்டத்தில் வத்தல்மலையும் இந்தக் குளிர்ப் பக்கத்தில்தான் சேரும். ஊட்டியைப் போல உறைபனியில் செடி கருகும் என்ற கவலை இந்த மேட்டில் இல்லை. இங்கே விதையைக் கெடுப்பது குளிர்ந்த ஈரம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதில் ‘தேடி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆடி முதல் தேதியில் விதை என்று அது சொல்லவில்லை. மண்ணும் மழையும் கூடிவரும் நாளைத் தேடச் சொல்கிறது. எல்லாப் பட்டத்துக்கும் இது பொருந்தும். தேடுவதற்கு ஒரு தெர்மாமீட்டரும் ஒரு கைப்பிடி மண்ணும் போதும்.

மண்ணின் சூட்டை அளப்பது

சமையலுக்கு விற்கும் கம்பி முனை டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். விதைக்கப்போகும் பாத்தியில் 5 செ.மீ. ஆழத்தில் முனையைச் செருகி, இரண்டு நிமிடம் விட்டு அளவைப் பாருங்கள். காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேல்மண் மிகவும் குளிர்ந்திருக்கும் நேரம் அதுதான். மதிய அளவை நம்பாதீர்கள். மார்கழியில்கூட உச்சி வெயிலில் செம்மண்ணின் மேல்தோல் நன்றாகச் சுடும், ஆனால் இரவெல்லாம் விதை கிடப்பது வேறு சூட்டில். பாத்தியில் மூன்று இடத்தில், மூன்று நாள் தொடர்ந்து எடுத்துச் சராசரி பாருங்கள். மழை பெய்த மறுநாள் எடுத்த ஒரே அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

காலை அளவு 20 டிகிரிக்குக் கீழே போகாமல் நின்றால் வெண்டை, வெள்ளரி, பூசணி, சுரை, பீர்க்கை, புடலை, பாகல், கொத்தவரை எல்லாம் நேராக ஊன்றலாம். 17, 18 இருந்தால் பீன்ஸ் போடலாம். அதற்குக் கீழே போனால் குளிர்காலக் காய்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி, நூல்கோல், வெந்தயக்கீரை, கொத்தமல்லி.

குளிர் எவ்வளவு தாமதப்படுத்தும் என்பதற்கு ஒரு கணக்கு. மண் இரவும் பகலும் ஒரே சூட்டில் இருந்தால் வெண்டை 20 டிகிரியில் முளைக்க 17 நாள், 25-ல் 13 நாள், 30-ல் 7 நாள் எடுக்கும். பீன்ஸுக்கு 15-ல் 16 நாள், 20-ல் 11, 25-ல் 8. வெள்ளரிக்கு 15-ல் 13, 20-ல் 6, 25-ல் 4. மிளகாய்தான் எல்லாவற்றிலும் மெதுவு, 15 டிகிரியில் 25 நாள் இழுக்கும்; 25-ல் 8 நாளில் வந்துவிடும். கேரட்டோ 15 டிகிரியிலேயே 10 நாளில் முளைக்கும், 20-ல் ஒரு வாரம். கொல்லையில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறிமாறி வருவதால் நாள் கொஞ்சம் முன்பின் ஆகும். எந்த விதை பொறுக்கும், எது பொறுக்காது என்பது மட்டும் மாறாது. பதினேழு நாள் ஈரமண்ணில் கிடக்கும் விதைக்குப் பூஞ்சையும் எறும்பும் தப்பாமல் வந்து சேரும்.

ஈரப் பதம், செம்மண் பொறுக்கு

சூட்டுக்கு அடுத்தது ஈரம். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாகி, கட்டைவிரலால் தொட்டதும் உதிர்ந்தால் அதுதான் புட்டுப் பதம், அன்றைக்கே விதைக்கலாம். விரலிடுக்கில் சேறு பிதுங்கினால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரம் மிஞ்சிய செம்மண்ணைக் கொத்தினால் கட்டி கட்டியாகக் காய்ந்து, அந்தப் பருவம் முழுக்கத் தொல்லை கொடுக்கும்.

இந்தப் பகுதிச் செம்மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. விதைத்தபின் ஒரு பலத்த மழை அடித்து, அடுத்த நாள் வெயில் காய்ந்தால் மேல்மண் ஓடுபோல் பொறுக்குத் தட்டிவிடும். பீன்ஸ் அதை முட்டித் தூக்கிக்கொண்டு வரும், சில நேரம் கழுத்து ஒடியும். கேரட், கொத்தமல்லி போன்ற சிறு முளைகளால் அதை உடைக்கவே முடியாது. மண்ணுக்குள்ளேயே வளைந்து மடியும். அதனால் சிறு விதைகளை மண்ணால் மூடாதீர்கள். நன்றாக மக்கிய தொழுஉரத்தைச் சலித்து, ஒரு செ.மீ. கனத்துக்குத் தூவி மூடுங்கள். அதன்மேல் நனைத்த சாக்கை விரித்துப் பூவாளியால் ஈரம் காக்கலாம். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் காலையில் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்று மாலையே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து நீண்டு, சாக்கோடு பிய்ந்து வரும்.

ஆனி, ஆடி: மேட்டுக்கு வாய்த்த பருவம்

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை இந்த மேட்டில் மேகமூட்டமும் தூறலும் காற்றுமாக இருக்கும். வெயில் தணிந்திருக்கும், மண் இன்னும் கோடைச் சூட்டை இழந்திருக்காது. பீன்ஸ், கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் நாற்று, தக்காளி நாற்று, அவரை எல்லாமே இதில் ஆகும். சமவெளியில் கேரட்டையும் கோஸையும் இந்த மாதத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

செடி பீன்ஸுக்கு வரிசை இடைவெளி 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ., ஆழம் 3 முதல் 4 செ.மீ. ஒசத்தி ரகம் வேண்டுமென்றால் பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கோமல், நார் இல்லாத அர்கா சுவிதா இரண்டும் இதே பீடபூமியில் உருவானவை. பீன்ஸில் பலர் செய்யும் தவறு, விதையை ஊன்றிவிட்டு உடனே குளிர்ந்த தண்ணீரை விடுவது. காய்ந்த பீன்ஸ் விதை முதல் சில மணி நேரத்தில் வேகமாக நீரை உறிஞ்சும். அந்த நீர் குளிர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுகள் கிழிந்து, சத்து கசிந்து, விதை அழுகத் தொடங்கும். இரவெல்லாம் நீரில் ஊறவைப்பதும் வேண்டாம், பருப்பு பிளந்துவிடும். முதல் நாள் பாத்திக்கு நீர் விட்டு, மறுநாள் பதம் பார்த்து, காலை 10 மணிக்குமேல் மண் சூடேறும்போது ஊன்றுங்கள். முளைக்கும்வரை கூடுதல் நீர் தேவைப்படாது. அவசியமானால் மட்டும் மூன்றாம் நாள் லேசாகத் தெளியுங்கள்.

பூக்கும் காலத்தையும் பின்னோக்கி எண்ண வேண்டும். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிப் போனால் பீன்ஸ் பூ உதிரும். அதனால் வைகாசிக் கடைசியிலிருந்து ஆடிவரை ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை என்று போடலாம். தையில் மண் சூடேறத் தொடங்கியதும் இன்னொரு முறை போடலாம், ஆனால் மாசி 10-க்குப் பிறகு வேண்டாம். பங்குனிக் கடைசி வெயிலில் பூ நிற்காது.

அவரையில் சூட்டைவிடப் பகலின் நீளம்தான் முக்கியம். பகல் குறுகினால்தான் நாட்டு அவரை பூக்கும். கேழ்வரகுக் கொல்லையில் சால் விட்டு ஆடியில் அவரை போடும் நம் ஊர் வழக்கத்தின் சூட்சுமம் இதுதான்: கேழ்வரகு அறுத்தபின் கொடி படர்ந்து, கார்த்திகையில் பூத்து, மார்கழி, தையில் காய் வரும். அதே விதையைத் தையில் ஊன்றினால் பகல் நீண்டுகொண்டே போவதால் வெறும் கொடியாக ஏறிக்கொண்டிருக்கும். வேறு மாதத்திலும் காய் வேண்டுமென்றால் அர்கா ஜெய், அர்கா விஜய் போன்ற குத்துச்செடி ரகங்களைத் தேடுங்கள். அவற்றுக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டில்லை.

ஆவணி, புரட்டாசி மழையில்

ஆண்டின் பெருமழை செப்டம்பர், அக்டோபரில் வரும். சிறு விதையைத் தூவினால் ஒரே மழையில் பாத்தியின் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். அவசியம் விதைக்க வேண்டுமானால் 15 முதல் 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி போட்டு, ஒரு மீட்டருக்கு மேல் அகலம் வைக்காமல், வாய்க்காலில் நீர் வடிய வழி செய்யுங்கள். இந்த இரண்டு மாதத்தை நாற்றங்காலுக்குப் பயன்படுத்துவது நல்லது. 98 குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, மழை படாத கூரைக்கு அடியில் வையுங்கள். கோஸ், காலிஃபிளவர் 25 முதல் 30 நாளில் நடவுக்கு வரும்.

காலிஃபிளவர் வாங்கும்போது எந்தப் பருவத்து ரகம் என்று கேட்காமல் வாங்காதீர்கள். வெயிலுக்கான ரகத்தைக் குளிரில் நட்டால் செடி வளரும் முன்பே எலுமிச்சை அளவுக்குப் பூ பிடித்து நின்றுவிடும். குளிருக்கான ரகத்தை வெயிலில் நட்டால் இலை மட்டும் தழைக்கும், பூ வராது. ஆடியில் நாற்றுவிட வெயிலுக்கான ரகம், புரட்டாசியில் நாற்றுவிடக் குளிருக்கான ரகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோஸில் இவ்வளவு நுணுக்கம் இல்லை.

நாற்றங்காலில் இந்த மாதங்களின் எதிரி நாற்றழுகல். நேற்றுவரை நன்றாக இருந்த நாற்று, தண்டின் அடி நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். வந்தபின் காப்பாற்ற முடியாது. நோய்ப் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்த் தூளை விதையில் பூசி விதை நேர்த்தி செய்யலாம்: ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ். வீட்டுத் தோட்டத்துச் சிறு பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை போதும். அதைவிட முக்கியம் மாலையில் நீர் விடாமல் இருப்பது.

ஐப்பசி, கார்த்திகை: கேரட், பீட்ரூட், பட்டாணி

மழை ஓய்ந்து, இரவு குளிரத் தொடங்கும் இந்த நேரம் கிழங்கு வகைக்கு மிகவும் பொருத்தம். கேரட்டின் நீளமும் நிறமும் 15 முதல் 20 டிகிரியில்தான் ஒழுங்காக வரும். 25-க்கு மேல் போனால் கட்டையாகி வெளுக்கும். பாத்தியை 30 செ.மீ. ஆழம் கொத்திக் கல் பொறுக்குங்கள். நம் பக்கத்துக் கொல்லையில் பொறுக்கப் பொறுக்கக் கல் வரும்தான், ஆனால் கேரட்டுக்கு இதில் விட்டுக்கொடுக்க முடியாது. வேர் நுனி கல்லில் மோதினால் இரண்டாகப் பிரியும். பச்சைச் சாணம் போட்டாலும் வேர் கிளைக்கும், மக்கிய எருவை மட்டும் இடுங்கள். ஒரு பங்கு விதையை நான்கு பங்கு மணலோடு கலந்து, 30 செ.மீ. இடைவெளிக் கோடுகளில் ஒரு செ.மீ. ஆழத்தில் இடுங்கள். முளைத்து மூன்று வாரம் ஆனதும் 5 செ.மீ.க்கு ஒன்றாகவும், பிறகு 8 முதல் 10 செ.மீ.க்கு ஒன்றாகவும் கலைத்துவிடுங்கள். கலைக்க மனம் வராதவர்களுக்குக் கடைசியில் விரல் தடிமனில்தான் கேரட் கிடைக்கும்.

பீட்ரூட்டில் நாம் விதை என்று சொல்வது பல விதை ஒட்டிய ஒரு முடிச்சு. ஒன்று ஊன்றினால் இரண்டு, மூன்று முளை வரும். 12 மணி நேரம் ஊறவைத்து, 2 செ.மீ. ஆழத்தில் 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றி, நல்ல முளை ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கொத்தமல்லியை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்து ஊறவைத்தால் சீராக முளைக்கும். முள்ளங்கிக்கு இந்தப் பருவத்தில் ஜப்பான் வெள்ளை, சித்திரை வெயிலில் பூசா சேட்கி. எதுவானாலும் நாள் கடத்தாமல் பிடுங்குங்கள், நின்றால் உள்ளே பஞ்சாகிவிடும். சிறு விதைகளை எறும்பு இழுத்துப்போகும் இடங்களில் பாத்தியைச் சுற்றி ஒரு கை ரவை தூவுவது வழக்கம், பெரும்பாலும் பலிக்கும்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி, அரூர், பென்னாகரம் போன்ற தாழ்ந்த பகுதியில் இருப்பவர்களுக்குக் கேரட், கோஸ், பட்டாணி எல்லாவற்றுக்குமான வாசல் இந்த இரண்டு மாதம்தான். அங்கே கார்த்திகைப் பாதிக்குள் முடித்துவிடுங்கள்.

குளிரில் தக்காளி, மிளகாய்

இராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிக்குப் பேர்போன இடம். ஆனால் மேட்டில் மார்கழி மூடுபனி தக்காளிக்கு ஆகாது. இலை மணிக்கணக்கில் நனைந்து, வெப்பம் 15, 20 என்று நின்றால் பின்பருவக் கருகல் சில நாளில் பாத்தியையே சுட்டதுபோல் ஆக்கிவிடும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் பூவும் சரியாகப் பிடிக்காது. அதனால் ஆனி, ஆடியில் நட்டு மார்கழிக்குள் பறித்து முடிப்பது ஒரு வழி. மார்கழிக் கடைசியில் குழித்தட்டில் விதைத்து மாசித் தொடக்கத்தில் நடுவது இன்னொரு வழி. இரண்டாவதில் வெள்ளை ஈயால் இலைச்சுருட்டு வைரஸ் நோய் வரும் என்பதால் நாற்றை நைலான் வலைக்குள் வளர்க்க வேண்டும். கருகல் உட்பட நான்கு நோய்களைத் தாங்கும் அர்கா அபேத் ரகத்தை மேட்டுக்குப் பரிந்துரைக்கலாம்.

குளிர் மாதத்தில் மிளகாய், கத்தரி, குடைமிளகாய் விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி, வீட்டுக்குள் அடுப்படிப் பக்கம் வையுங்கள். உள்ளே சூடும் ஈரமும் நிற்கும். நான்காம் நாளிலிருந்து தினமும் பார்த்து, முளை மண்ணைத் தூக்கியதும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். சமவெளியில் 35, 40 நாளில் நடவுக்கு வரும் மிளகாய் நாற்று இங்கே அதற்குமேலும் பத்து நாள் கேட்கும். அதையும் சேர்த்து நாள் குறியுங்கள்.

நீர் விடுவதிலும் ஒரு கவனம் தேவை. இரவெல்லாம் மொட்டைமாடித் தொட்டியில் குளிர்ந்த நீரைக் காலையில் பாத்திக்கு விடாதீர்கள். அப்போதுதான் போர்வெல்லிலிருந்து வரும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும், 9 மணிக்குமேல் அதை விடுங்கள்.

மாசியில் வெண்டையும் கொடிக் காய்களும்

பிப்ரவரி பிற்பாதியில் காலை அளவு 20-ஐத் தொடும். ஒரு வாரம் முந்திக்கொள்ள வேண்டுமானால், நனைத்த பாத்தியின்மேல் தெளிவான பாலித்தீன் தாளை விரித்து ஓரங்களை மண்ணால் அழுத்தி 7 முதல் 10 நாள் விடுங்கள். தெளிவான தாள் கறுப்புத் தாளைவிட மண்ணை அதிகமாகச் சூடாக்கும். பிறகு தாளை விலக்கி விதைத்து, மறுபடி விரித்திருந்தால் முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மதிய வெயிலில் முளை வெந்துபோகும்.

வெண்டை விதையை இரவில் ஊறவைத்து, 45 செ.மீ. வரிசையில் 30 செ.மீ.க்கு இரண்டு விதை, 2 செ.மீ. ஆழம். கோடையில் மஞ்சள் நரம்புத் தேமல் வரும் என்பதால் அர்கா அனாமிகா போன்ற தாங்கும் ரகமாக எடுங்கள். பாகல், பீர்க்கை, புடலை விதைகளின் ஓடு கெட்டி. ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டிச் சூடான இடத்தில் வைத்து, முளை வெடித்ததை மட்டும் ஊன்றினால் வெற்றுக் குழி இருக்காது. பூசணிக்கும் வெள்ளரிக்கும் இந்தச் சிரமம் தேவையில்லை.

பட்டாணியில் மட்டும் கெடு கறாரானது. பூக்கும்போது வெயில் ஏறினால் காய் பிடிக்காது என்பதால், மேட்டில்கூட மார்கழிப் பாதிக்குமேல் பட்டாணி ஊன்ற வேண்டாம். அந்தக் கெடு தாண்டிய பாத்தியில் வெந்தயம் தூவுங்கள். குளிரிலும் முளைக்கும், 25, 30 நாளில் கீரை அறுத்துவிடலாம். மாசியில் வெண்டை ஊன்றுவதற்குப் பாத்தி காலியாகிவிடும்.